வெள்ளியங்கிரி ஏறிய கால்கள் மார்க்காவுக்குப் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: "ஆகஸ்டில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் கைடோடு போகும் ட்ரெக்கிங்குக்கு நானும் மனைவியும் பணம் கட்டப் போகிறோம். எனக்கு 48, அவருக்கு 44. வெள்ளியங்கிரி மூன்று முறை, பருவதமலை ஒரு முறை ஏறியிருக்கிறோம். அந்தப் பழக்கம் போதுமா? பாதை தெளிவாகத்தான் இருக்கிறதாமே, கைடு அவசியமா? கிராமத்து வீடுகளில் தங்குவதா, கூடாரமா? மனைவி சைவம், இறக்கத்தில் அவருக்கு முட்டி வலிக்கும். லேயில் இறங்குவதிலிருந்து திரும்ப விமானம் ஏறுவது வரை 8 நாள்."

கால் போதும். நாள் போதாது.

நான் அந்தப் பள்ளத்தாக்கை இரண்டு முறை நடந்திருக்கிறேன். ஏழு மலையை ஓர் இரவில் ஏறி இறங்கிய கால்களுக்கு அங்கே அசாத்தியமான நாள் எதுவும் இல்லை. பெரும்பாலும் ஆற்றோரமாக, ஏறுவதே தெரியாமல் ஏறும் பாதை. ஆனால் வெள்ளியங்கிரி உச்சி 2000 மீட்டரைத் தொடாது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2695 மீட்டர். லே விமான நிலையத்தின் ஓடுபாதையே சுமார் 3250 மீட்டரில் இருக்கிறது. விமானத்தின் கதவு திறக்கும்போதே, ஓர் அடிகூட நடக்காமல், ஆனைமுடிக்கு அரை கிலோமீட்டர் மேலே நிற்பீர்கள். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு, உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். உங்கள் கால் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மாரத்தான் ஓடுபவர் படுத்துவிடுவார், ஐம்பது வயதில் மெதுவாக நடப்பவர் விசில் அடித்துக்கொண்டு போவார். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

8 நாள் திட்டம் என்றால் பெரும்பாலும் இப்படி இருக்கும். முதல் நாள் லே. இரண்டாம் நாள் ஊர் சுற்றல். மூன்றாம் நாள் ஜீப்பில் சிலிங் போய், அங்கிருந்து ஸ்கியு வரை நடை. நான்காம் நாள் மார்க்கா கிராமம். ஐந்தாம் நாள் ஹன்கர். ஆறாம் நாள் நிமாலிங். ஏழாம் நாள் கொங்மாரு லா தாண்டி இறங்கி, ஜீப்பில் லே. எட்டாம் நாள் காலையில் விமானம். காகிதத்தில் அழகாக இருக்கும். உயரங்களைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: ஸ்கியு சுமார் 3400 மீட்டர், மார்க்கா 3750 வாக்கில், ஹன்கர் 4000, நிமாலிங் 4800, கொங்மாரு லா 5200 சொச்சம். ('லா' என்றால் கணவாய்.) 3000 மீட்டருக்கு மேல் போனால் ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஹன்கரிலிருந்து நிமாலிங் ஒரே நாளில் 800 மீட்டர். மொத்தத் திட்டமும் இந்த ஒரு நாளில்தான் உடையும்.

அதனால் எட்டைப் பத்தாக்குங்கள். ஒரு நாள் லேயில் கூடுதலாக, ஒரு நாள் ஹன்கரில். முடிந்தால் கடைசியில் விமானத்துக்கு முன்னால் இன்னொரு நாள் சும்மா. பத்து நாள் முடியாது என்றால் கணவாயையே விட்டுவிட்டு ஹன்கர் வரை போய் வந்த வழியே திரும்பலாம். கிராமங்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். கணவாய் தாண்டாத நடை நடையே இல்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

லேயில் முதல் இரண்டு நாள் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். முதல் நாள் படுக்கை, தண்ணீர், மாலையில் கடைத்தெரு வரை ஒரு நடை, அவ்வளவுதான். இரண்டாம் நாள் ஷே, திக்சே மடங்களின் படிகளை நின்று நின்று ஏறலாம். பல திட்டங்களில் இரண்டாம் நாளே 'சுற்றிப்பார்த்தல்' என்று கர்துங் லாவைச் சேர்த்திருப்பார்கள். அது 5300 மீட்டருக்கு மேல். காரில் போனாலும் உயரம் உயரம்தான். அதை வெட்டச் சொல்லுங்கள்.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கப் போடும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். டயாமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும். பொதுவாகப் பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கும்படி சொல்வார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் விஷயம் வேறு. ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். விரல் மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும். இரண்டுமே மாத்திரையின் வேலை, பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாம் என்ற கணக்கு ஆகாது. அப்புறம் அந்த விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். 4000 மீட்டருக்கு மேல் அது எண்பது சொச்சம் காட்டினாலே சிலர் அலறுகிறார்கள். அந்த உயரத்தில் அது வழக்கமான எண்தான். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். லேசான தலைவலி பலருக்கும் வரும். தலைவலியோடு குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, தலைசுற்றல் சேர்ந்தால் அன்று மேலே ஏறக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடித்தவர் மாதிரி கால் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ விடியும்வரைகூடக் காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும்.

இங்கேதான் கைடு வருகிறார். வழி தெளிவாக இருக்கிறது என்பது உண்மை. ஆறு எங்கே போகிறதோ அதற்கு எதிர்த்திசையில் நடந்தால் ஹன்கர் வந்துவிடும். வழிக்காக மட்டும் என்றால் கைடு தேவையில்லை. "இன்றைக்கு இங்கேயே தங்கலாம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். நாமாக அதைச் சொல்ல மாட்டோம், பணம் கட்டியிருக்கிறோம், லீவு போட்டிருக்கிறோம். என் முதல் பயணத்தில் கூட வந்த ஒருவருக்கு நிமாலிங்கில் இரவு முழுக்க வாந்தி. விடிந்ததும் "கணவாய் தாண்டிவிட்டால் மாலையில் லே, அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது" என்று அவர் கணக்குப் போட்டார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கைடு ஒத்துக்கொள்ளவில்லை. கணவாய்க்கு இன்னும் 400 மீட்டர் ஏற வேண்டும், மேலே போய்ப் படுத்துவிட்டால் அந்தப் பக்கமும் இல்லை இந்தப் பக்கமும் இல்லை என்றார். குதிரையில் உட்காரவைத்து ஹன்கருக்குத் திருப்பி அனுப்பினார். மத்தியானமே அந்த ஆள் எழுந்து சூப் குடித்தார். விமானம் போனது போனதுதான்.

எனவே பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியது கூடாரத்தின் தரத்தைப் பற்றி அல்ல. கைடு எந்த ஊர்க்காரர்? மார்க்கா, ரும்பக் பக்கத்து ஆளா, அல்லது சீசனுக்கு வெளியிலிருந்து வந்தவரா? ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர்களோடு யார் போவார், அவரோடு யார் இறங்குவார்? ஆளை ஏற்றிக்கொண்டு போக ஒரு குதிரை தனியாக இருக்குமா, அல்லது எல்லாம் சாமான் சுமக்கும் குதிரைகளா? ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருகிறதா, லேயிலேயே அலுவலகத்தில் இருக்கிறதா? குதிரைக்காரருக்குத் திரும்பிப்போகும் நாளுக்கும் கூலி உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி உங்களுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். அதற்கு நேராகப் பதில் சொல்கிறவர்கள் மற்றவற்றிலும் நேராக இருப்பார்கள் என்பது என் அனுபவம்.

இன்னொன்றும் கேளுங்கள்: "நடை எங்கே ஆரம்பிக்கிறது?" முன்பு சிலிங் அருகே ஜன்ஸ்கார் ஆற்றைக் கம்பியில் தொங்கும் ஒரு கூடையில் உட்கார்ந்துதான் கடக்க வேண்டும். பிறகு பாலம் வந்தது, ஜீப் ரோடு உள்ளே நுழைந்தது, வருடத்துக்கு வருடம் நீள்கிறது. பழைய திட்டத்தை அப்படியே அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. பாதி நாள் புழுதி ரோட்டில் நடப்பீர்கள். ரோடு வந்துவிட்டதே என்று நடக்க வருகிறவர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். ஸ்கியுவில் எங்களுக்குச் சோறு போட்ட அம்மா, பிரசவ வலியோடு குதிரையில் போனவர்களைப் பற்றிச் சொன்னார். அதற்கு மேல் எனக்குப் புலம்பத் தோன்றவில்லை. ரோடே வேண்டாம், நாளும் இருக்கிறது என்றால் லேயிலிருந்து சிங்சென் போய், ரும்பக், யுருட்சே வழியாகக் காண்டா லா தாண்டி ஸ்கியுவில் இறங்கும் பழைய வழி இருக்கிறது. கணவாய் 4900 மீட்டருக்கு மேல். அதற்கு லேயில் மூன்று நாளும் ரும்பக்கில் இரண்டு இரவும் வேண்டும்.

சரி, வீடா கூடாரமா? வீடுதான், யோசிக்கவே வேண்டாம். காரணம் வசதி மட்டும் அல்ல.

இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1981-ல் அமைந்தது, பின்னால் விரிவாக்கி 4400 சதுர கிலோமீட்டர் ஆனது. நாட்டிலேயே பரப்பில் பெரிய தேசியப் பூங்கா. பனிச்சிறுத்தைக்குப் பேர்போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது பேர்போனதாக இருந்ததில்லை, ஆட்டைத் தின்னும் பிராணி, அவ்வளவுதான். இரவில் ஆட்டுக் கொட்டிலுக்குள் குதித்துவிட்டால் ஒன்றோடு நிற்காது, மிரண்டு ஓடும் ஆடுகளை வரிசையாக அடித்துப்போடும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் சொத்து போய்விடும். பதிலுக்கு விஷம், கண்ணி என்று மனிதர்களும் கிளம்பினார்கள். 2000-களின் தொடக்கத்தில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்று, மலையேறியான ரின்சென் வாங்சுக் தலைமையில், இதை வேறு மாதிரி யோசித்தது. கொட்டிலின் கூரைக்குக் கம்பி வலை போட உதவினார்கள். கூடவே, அந்தப் பிராணியைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் தங்கட்டும், காசு அந்த வீட்டுப் பெண்கள் கைக்குப் போகட்டும் என்று வீட்டுத் தங்கல்களைத் தொடங்கினார்கள். ரும்பக்கில் ஆரம்பித்தது மார்க்கா முழுக்கப் பரவியது. பல ஊர்களில் முறை வைத்து ஒவ்வொரு வீடாக விருந்தாளியை அனுப்புவார்கள். 'நல்ல வீடாகப் பார்த்துக் கொடுங்கள்' என்று அடம்பிடித்தால் யாரோ ஒருவருடைய முறையைத் தட்டிவிடுகிறோம் என்று அர்த்தம். கொடுத்த வீட்டுக்குப் போங்கள்.

வீடு எப்படி இருக்கும்? தடித்த மண் சுவர், தட்டையான கூரை, அதன்மேல் குளிர்காலத்துக்கு அடுக்கிய தீவனமும் விறகும். கீழ்த்தளம் பெரும்பாலும் ஆடு மாடுகளுக்கு. மேலே பெரிய சமையலறைதான் வீட்டின் நடுக்கூடம். கறுப்பு இரும்பு அடுப்பு, அதன் பின்னால் சுவர் முழுக்கப் பளபளக்கும் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள். அவற்றில் நல்லவை சிலிங் ஊர்க்காரர்கள் அடித்தவை. அந்தக் கன்னார்களின் முன்னோர்கள் 17-ஆம் நூற்றாண்டில் ஷே மடத்தின் பெரிய புத்தரைச் செய்ய நேபாளத்திலிருந்து வந்தவர்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. சுவரோரமாக விரிப்பு, முன்னால் குட்டை மேசை. அடுப்புக்குப் பக்கத்து இடம் பெரியவர்களுக்கு. போனதும் அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள், கூப்பிடுவார்கள், அப்போது போகலாம். அடுப்பை நோக்கிக் காலை நீட்டக்கூடாது, பிஸ்கெட் உறையை அதில் போடக்கூடாது. அடுப்பு அவர்களுக்குச் சாமி இருக்கும் இடம்.

வழியில் கல் அடுக்கிய நீண்ட சுவர்கள் வரும், ஒவ்வொரு கல்லிலும் மந்திரம் செதுக்கியிருக்கும். மணிச் சுவர் என்பார்கள். அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி போக வேண்டும். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கோயிலில் வலம் வருவது மாதிரியே.

மொழியில் ஒரு வேடிக்கை. வணக்கம், நன்றி, போய்வருகிறேன் மூன்றுக்கும் 'ஜூலே'. பெயருக்குப் பின்னால் 'லே' சேர்த்தால் மரியாதை: அம்மாவை 'ஆமா-லே', அப்பாவை 'ஆபா-லே', அண்ணனை 'ஆச்சோ-லே'. நம் 'ங்க' செய்யும் வேலையை அது செய்கிறது. நான் திருநெல்வேலிக்காரன். அறுபது வயதுப் பெரியவரைப் பார்த்து 'லே' போட எனக்கு இரண்டு நாள் வாய் வரவில்லை.

கழிப்பறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். மாடியில் ஒரு சின்ன அறை, தரையில் ஒரு துவாரம், பக்கத்தில் மண் குவியலும் ஒரு மண்வெட்டியும். முடித்ததும் இரண்டு வெட்டு மண் தள்ள வேண்டும். கீழே சேர்வது மக்கி வயலுக்கு எருவாகும். வருடத்தில் ஒரே போகம் பார்லி விளையும் மண்ணில் அது தங்கம். அதில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நம் ஊர் ஆட்கள் சொம்போடு போய் இதைக் கெடுத்துவிட்டு வருவது எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் முறை நானே செய்தேன். காகிதத்தால் துடைத்துவிட்டு, கழுவுவதை வெளியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹன்கருக்கு மேல் வீடு கிடையாது. வழியில் தச்சுங்சே ஒரு முகாம் இடம், 4200 சொச்சம். நிமாலிங்கில் கோடையில் கூடாரங்கள் அடித்து வைத்திருப்பார்கள், சாப்பாடும் கிடைக்கும். பரந்த புல்வெளி, யாக்கும் ஆடும் மேயும், தலைக்கு மேல் 6400 மீட்டர் காங் யாட்சே சிகரம். ஆகஸ்டிலும் இரவில் தண்ணீர்ப் பாட்டிலில் ஐஸ் படியலாம். அந்த ஓர் இரவுக்காகத்தான் கனமான தூக்கப்பை, கம்பளிக் குல்லா எல்லாம். பகலிலோ வெயில் தோலை உரிக்கும். நல்ல கறுப்புக் கண்ணாடி வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் தந்தது கணவாய் அல்ல, ஆறு. பாலம் இல்லாத இடங்களில் இறங்கித்தான் கடக்க வேண்டும். பனி உருகி வரும் தண்ணீர் காலையில் கணுக்கால் அளவு இருக்கும், மாலை நான்கு மணிக்கு அதே இடத்தில் தொடை வரை வரும். அதனால் சீக்கிரம் கிளம்புவதுதான் வழி. ஆறு மணிக்கு கைடு எழுப்பினால் திட்டாதீர்கள். ஷூவைக் கழற்றி, பின்பட்டை உள்ள செருப்பு மாட்டிக்கொண்டு, முதுகுப்பையின் இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, கையைக் கோத்துக் கடங்கள். லடாக் மழை மறைவுப் பகுதி, ஆகஸ்ட் நல்ல மாதம்தான். ஆனால் 2010 ஆகஸ்டில் லேயைச் சுற்றிக் கொட்டிய மழை ஓர் இரவில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. கொங்மாரு லாவுக்கு அந்தப் பக்கம் இறங்கும் வழி ஒடுங்கிய பாறை இடுக்கில் ஓடையோடு போகிறது. மேலே கருமேகம் கட்டியிருந்தால் அன்று அதற்குள் இறங்குவதில்லை. கடைசியில் ஒரு நாள் சும்மா வையுங்கள் என்று சொன்னது இதற்காகவும்தான்.

மனைவியின் முட்டிக்குச் சோதனையும் அந்த இறக்கம்தான். காலையில் 400 மீட்டர் ஏறி, பிறகு ஷாங் சும்தோ பக்கம் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதாது. கடைசி நாள்தானே என்று வேகமாக இறங்கவும் வேண்டாம்.

சைவத்துக்குப் பிரச்சினையே இல்லை. இரவில் சோறு, பருப்பு, தோட்டத்துக் கீரை, அல்லது கோதுமை மாவை விரலால் அழுத்திக் காய்கறியோடு வேகவைக்கும், 'ஸ்கியு' என்றே பெயருள்ள உணவு. காலையில் தடித்த கம்பீர் ரொட்டியும் ஆப்ரிகாட் பழ ஜாமும். நண்பகலுக்குக் கட்டிக் கொடுப்பார்கள். இறைச்சி சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சூப்பில் போடும் பழக்கம் உண்டு. 4000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் வீட்டுக்கு வீடு குக்கர் இருக்கும். வெண்ணெய்த் தேநீரை டீ என்று நினைத்து வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். மெல்லிய சூப் என்று நினைத்துக் குடியுங்கள், பிடித்துவிடும். கோப்பையைக் காலி செய்தால் உடனே நிரப்புவார்கள். போதும் என்றால் நிரம்பியதை அப்படியே வைத்திருந்து, கிளம்பும்போது குடித்துவிட்டு எழுந்திருங்கள். பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள், வீடுகளிலும் வழியில் உள்ள டீக்கூடாரங்களிலும் கொதிக்கவைத்த தண்ணீர் நிரப்பித் தருவார்கள்.

இன்னும் இரண்டு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். பள்ளத்தாக்குக்குள் எதையும் நம்ப வேண்டாம், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏடிஎம் லேயோடு சரி, சில்லறையாகப் பணம் எடுத்துப் போங்கள்.

ரசப்பொடி ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹன்கரில் நாங்கள் வைத்த ரசத்தை அந்த வீட்டு ஆமா-லே இரண்டு கோப்பை குடித்துவிட்டு, மூன்றாவதை மூடி வைத்தார், மகன் ஆடு மேய்த்துவிட்டு வருவான் என்று.